அப்பா வெட்டிய கான்: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் புகைமூட்டத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் களிமந்தானிலும் காட்டை வெட்டி எரிப்பதால் வரும் புகை நம் கண்ணுக்குத் தெரிகிறது, அதோடு சேர்ந்து போகும் கரியமில வாயு தெரிவதில்லை என்பதுதான் விஷயம். என் அப்பா நம் மலேசியாவில், கீழ்ப் பேராவில் ஒரு தோட்டத்தில் கான், அதாவது தண்ணீர் வடியும் வாய்க்கால், வெட்டும் வேலை பார்த்தவர் என்றும் இரண்டு வரி வந்தது. அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதம் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கேள்விகளுக்கு மட்டும்தான் பதில்.

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி: டீச்சர், 2015-இல் புகைமூட்டத்தால் பள்ளிகளை மூடினார்களே, அப்போது என் மகனுக்கு எட்டு வயது. இரவெல்லாம் இருமுவான். அந்தச் சமயத்தில் இந்தோனேசியத் தீயிலிருந்து வந்த கரியமில வாயு ஐரோப்பா முழுவதும் வெளியிடுவதைவிட அதிகம் என்று எங்கோ படித்தேன். வெறும் மரம் எரிந்து அவ்வளவு வருமா?

நீங்கள் படித்தது சரி. 2015 செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதங்களில் அந்தத் தீயிலிருந்து நாள் ஒன்றுக்குச் சராசரியாக 1 கோடியே 13 லட்சம் டன் கரியமில வாயு வெளியேறியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் பெட்ரோல், நிலக்கரி, எரிவாயு என எல்லாம் எரித்து வெளியிட்டது நாளுக்கு 89 லட்சம் டன். செயற்கைக்கோள் பதிவுகளோடு, களிமந்தானில் புகைக்குள்ளேயே போய் அளந்ததையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது.

உங்கள் சந்தேகமும் சரிதான். வெறும் மரம் எரிந்து அவ்வளவு வராது. எப்படி என்று பார்ப்போம், நான் வகுப்பில் போடும் கணக்கு மாதிரியே போடுகிறேன்.

காய்ந்த விறகில் ஏறக்குறைய பாதி எடை கார்பன். நல்ல மழைக்காட்டில் ஒரு ஹெக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, தரைக்கு மேலே 300 டன் காய்ந்த மரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கார்பன் 150 டன். கார்பன் எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. 12 கிலோ கார்பன் 44 கிலோ கரியமில வாயுவாக மாறும். அதனால் 150 டன், 550 டன் ஆகிவிடும். ஆனால் வெட்டிப்போட்ட காட்டில் தீ வைத்தால் முதல் தீயில் எல்லாம் எரிந்துவிடாது. இலை, கிளை, சிறு மரம் போகும். அடிமரம் மேலே கருகிக் கிடக்கும். அமேசானில் அளந்து பார்த்ததில் பல இடங்களில் முதல் தீயில் பாதிகூட எரிவதில்லை. மிச்சம் கரையானுக்கும் பூஞ்சைக்கும் போகும், இல்லை அடுத்த வருடத் தீக்குப் போகும்.

இனி தரைக்குக் கீழே பாருங்கள். களிமந்தானிலும் சுமத்ராவின் கிழக்குக் கரையிலும் பல இடங்களில் காடு நிற்பது சாதாரண மண்ணில் இல்லை. பீட் மண்ணில். மலாயில் 'தானா காம்புட்' என்பார்கள். அந்த மண்ணே மக்காத மரம்தான். ஒரு கன மீட்டரில் சுமார் 57 கிலோ கார்பன் இருக்கும். தீ அரை மீட்டர் ஆழத்துக்கு அரித்துப் போனது என்றால், ஒரு ஹெக்டேரில் 5,000 கன மீட்டர் மண் போய்விட்டது. கார்பன் 285 டன். கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் 1,045 டன். அரை மீட்டர் என்பது நானாகப் போட்ட எண் இல்லை. 1997 தீயில் மத்தியக் களிமந்தானில் சராசரியாக அவ்வளவு ஆழம் எரிந்திருந்தது.

இதைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமா? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. 1,045 டன்னுக்குச் சுமார் 4 லட்சத்து 54 ஆயிரம் லிட்டர் எரிக்க வேண்டும். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும் காரில் அவ்வளவு பெட்ரோலை ஊற்றினால் நிலாவுக்கு ஏழு முறை போய்த் திரும்பி வரலாம். இத்தனையும் ஒரே ஒரு ஹெக்டேரின் அரை மீட்டர் மண்ணிலிருந்து. 2015-இல் இந்தோனேசியாவில் எரிந்தது 26 லட்சம் ஹெக்டேர். அதில் மூன்றில் ஒரு பங்குதான் பீட் நிலம். ஆனால் கார்பனில் பெரும்பங்கும், உங்கள் மகனின் நெஞ்சுக்குள் போன புகையில் பெரும்பங்கும் அந்த மூன்றில் ஒரு பங்கிலிருந்து வந்தவை.

சித்தியவானிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: மண் எப்படி டீச்சர் எரியும்? பீட் என்றால் என்னவென்று கொஞ்சம் விளக்க முடியுமா?

தம்பி, நான் பிறந்து வளர்ந்ததே அந்த மண்ணில்தான். எங்கள் லயத்து வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) முன்னால் இரண்டு படி இருந்தது. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் அப்பா மூன்றாவது படி ஒன்று பலகை அடித்துச் சேர்த்தார். பிறகு நான்காவது. நாங்கள் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்போது எனக்குப் பதினான்கு வயது, படிகள் ஐந்து. வீடு உயர்ந்துகொண்டே போகிறது என்று நாங்கள் சின்னப் பிள்ளைகள் நம்பினோம். வீடு அடியிலுள்ள களிமண் வரைக்கும் இறக்கிய தூணில் நின்ற இடத்திலேயே நின்றது. தரைதான் கீழே போய்க்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். சதுப்புக் காட்டில் வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். மரம் விழுந்தால் தண்ணீருக்குள் அமிழும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் போதாது, அதனால் முழுதாக மக்காது. அதன் மேல் இன்னொரு மரம், அதன் மேல் இன்னொன்று. இப்படி வருடத்துக்கு ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் கனம் சேரும். ஆயிரம் வருடத்தில் ஒன்றிரண்டு மீட்டர். சில இடங்களில் பத்து மீட்டருக்கும் மேலே. துளைப்பான் குழாயை இறக்கி மேலே எடுத்தால் காப்பித்தூள் நிறத்தில் ஈரச் சேறு வரும். விரலால் பிதுக்கினால் உள்ளே மரநாரும் வேரும் அப்படியே இருக்கும். சில துண்டுகளில் மரப்பட்டையின் கோடுகூடத் தெரியும்.

இந்த நிலத்தில் ஏதாவது பயிர் வைக்க வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். அதற்குத்தான் கான். அப்பா இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்று நீளமான மண்வெட்டியால் வெட்டுவார். கான் வெட்டினதும் தண்ணீர் இறங்கும், காற்று உள்ளே புகும், ஆயிரம் வருடமாகக் காத்துக்கிடந்த மரம் மக்கத் தொடங்கும். மக்குவது என்றால் மெதுவாக எரிவதுதான். வேதியியலில் இரண்டுக்கும் கணக்கு ஒன்றே. எங்கள் படிகள் கூடினது அதனால்தான். கான் வெட்டின முதல் ஐந்து வருடத்தில் தரை ஒன்றரை மீட்டருக்குக் கிட்டத்தட்ட அமுங்கிவிடும், அதில் பாதிக்கு மேல் தண்ணீர் வற்றிச் சுருங்குவது. அப்புறம் வருடத்துக்கு இரண்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் என்று போய்க்கொண்டே இருக்கும். அது பெரும்பாலும் மக்கிப்போவது. பீட் நிலத்தில் செம்பனை மரங்கள், அதாவது பாமாயில் மரங்கள், குடித்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வேருக்குப் பிடிமானம் போய்விடுகிறது.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். பீட் மண் கட்டி ஒன்றை எடுத்து, வெயிலில் ஒரு வாரம் நன்றாகக் காயவைத்து, வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதக்கும். கையால் அமுக்கிப் பிடித்தாலும் விட்டவுடன் மேலே வரும். மறுநாள் எடுத்து உடைத்தால் உள்ளே உலர்ந்தே இருக்கும். ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அந்த மண் தண்ணீரைத் திரும்ப ஏற்றுக்கொள்ளாது. என் மாணவர்களுக்கு இதை ஒவ்வொரு வருடமும் செய்து காட்டியிருக்கிறேன். அந்தக் கட்டியில் தீக்குச்சியை வைத்தால் சுவாலை வராது. ஊதுபத்தி மாதிரி ஒரு சிவப்புப் பொட்டு, அது மெதுவாக உள்ளே நகர்ந்துகொண்டே போகும். களிமந்தானில் மாதக்கணக்கில் நடப்பது இதுதான்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்: எரிந்த காடு திரும்ப வளரும்போது விட்ட கார்பனைத் திரும்ப எடுத்துக்கொள்ளாதா? அப்படியானால் கணக்கு சமமாகிவிடுமே.

காடாகவே திரும்ப வளர விட்டால், மேலே இருந்த மரத்துக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரிதான். ஆனால் எரிப்பவர்கள் திரும்பக் காடு வளர்க்க எரிப்பதில்லை. அந்த இடத்தில் செம்பனையோ, காகிதக் கூழுக்கான அக்கேசியாவோ வருகிறது. பிரேசிலாக இருந்தால் மாட்டு மேய்ச்சல் நிலம். ஒரு ஹெக்டேர் புல்லில் எவ்வளவு கார்பன் நிற்கும்?

பீட் விஷயத்தில் கணக்கு வேறு. மத்தியக் களிமந்தானில் செபாங்காவ் ஆற்றுப் பக்கம் பீட்டின் அடிப்பகுதியை எடுத்து வயது பார்த்தபோது சுமார் 26,000 வருடம் என்று வந்தது. பனியுக காலத்து மரம் அது. ஒரு வறட்சியில் அரை மீட்டர் எரிந்தால், அதைத் திரும்பச் சேர்க்க இருநூற்றைம்பதிலிருந்து ஐந்நூறு வருடம் வேண்டும், அதுவும் தண்ணீர் நின்றால்தான். உங்கள் பேரனின் பேரன் காலத்திலும் அந்தக் கடன் தீராது. இதை நான் நிலக்கரி எரிப்பதோடு சேர்த்துத்தான் வைப்பேன். பீட் நிலக்கரியாக மாறுவதற்கு முந்தைய நிலைதானே.

1997 தீயின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அந்த வருடம் நீங்களும் புகையில் இருந்திருப்பீர்கள். சரவாக்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்த வருடம் அது. அந்த ஒரு வருடத்தில் இந்தோனேசியாவின் பீட் நிலங்களிலிருந்தும் அதன் மேலிருந்த காட்டிலிருந்தும் போன கார்பன் 81 கோடி டன்னிலிருந்து 257 கோடி டன்னுக்குள் இருக்கும் என்று 2002-இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் எரிபொருள் எரித்து விட்ட கார்பனில் இது 13 முதல் 40 சதவீதம். கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் இவ்வளவு இடைவெளி ஏன் என்று கேட்பீர்கள். தரைக்கு அடியில் எவ்வளவு ஆழம் எரிந்தது என்பதைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால்தான்.

பினாங்கிலிருந்து ஒரு வாசகி: அமேசான்தான் உலகின் நுரையீரல், அது எரிந்தால் நமக்கு ஆக்சிஜன் இல்லாமல் போகும் என்கிறார்களே?

போகாது. காடு விடும் ஆக்சிஜனில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அந்தக் காட்டின் மூச்சும் மக்கும் இலையுமே எடுத்துக்கொள்கின்றன. காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது, அது அப்படிச் சட்டென்று குறையாது. அமேசானைக் காப்பாற்ற வேண்டியதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் கார்பனும், அது வரவழைக்கும் மழையும், அங்கே வாழும் மக்களும். பிரேசில் அரசின் செயற்கைக்கோள் கணக்கில் 2004-இல் அழிந்த காடு 27,772 சதுர கிலோமீட்டர், 2012-இல் 4,571. பிறகு 2021-இல் 13,038-க்கு ஏறி, 2024-இல் 6,288-க்கு இறங்கியது. அரசு கண்காணித்து அபராதம் போட்ட வருடங்களில் இறங்கியிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்ட வருடங்களில் ஏறியிருக்கிறது. இதை நான் நம்பிக்கை தரும் செய்தியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: மகளைப் பார்க்க கோலாலம்பூர் வந்தபோது உங்கள் பகுதியைப் படித்தேன். எங்கள் ஊரில் ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் தருகிறார்கள். அதில்தான் எங்கள் வீட்டுச் சமையல். நாங்கள் அதை வாங்குவதால்தான் காடு எரிகிறதா?

அம்மா, முதலில் ஒன்று. மாதக் கடைசியில் அந்த ஒரு பாக்கெட்டை நம்பி இருக்கும் வீட்டின் மேல் இந்தப் பாரத்தை ஏற்ற நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா, அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் போகிறது, அது உண்மை. ஆனால் ஒரு ஹெக்டேர் செம்பனையில் வருடத்துக்கு மூன்று, நான்கு டன் எண்ணெய் கிடைக்கும். சோயாவில் அரை டன் கிடைத்தால் பெரிது. எல்லோரும் பாமாயிலை விட்டு சோயாவுக்குப் போனால் இன்னும் பல மடங்கு நிலம் வேண்டும். அந்த நிலம் எங்கிருந்து வரும்?

கேட்க வேண்டிய கேள்வி, அந்த மரம் எந்த மண்ணில் நிற்கிறது என்பது. எண்பது, நூறு வருடமாகத் தோட்டமாக இருக்கும் மேட்டு நிலம் ஒன்று. பீட் நிலம் வேறு. வடிகால் வெட்டின பீட்டில் செம்பனை வைத்தால், ஒரு தீப்பொறி விழாமலேயே, மண் மக்குவதிலிருந்து மட்டும் ஹெக்டேருக்கு வருடம் 40 டன் கரியமில வாயு போகிறது. ஐநாவின் காலநிலைக் குழு 2013-இல் வைத்த எண் இது. நான்கு டன் எண்ணெயால் வகுத்துப் பாருங்கள்: ஒரு கிலோ எண்ணெய்க்குப் பத்துக் கிலோ கரியமில வாயு, மண்ணிலிருந்து மட்டும். மேட்டு நிலத்து எண்ணெய்க்கு இந்தச் சுமை கிடையாது. ஆனால் ஆலையிலும் கப்பலிலும் இரண்டும் கலந்துவிடுகின்றன, பாக்கெட்டைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. கோடி லிட்டர் கணக்கில் டெண்டர் விடும் அரசால் கேட்க முடியும். பெரிய பிஸ்கட் கம்பெனியால், சோப்புக் கம்பெனியால் கேட்க முடியும். அவர்கள் கேட்க வேண்டும் என்று நீங்களும் நானும் சத்தமாகச் சொல்லலாம்.

குவாந்தானிலிருந்து ஒரு வாசகர்: சட்டம் போட்டு எரிப்பவர்களைப் பிடித்து உள்ளே வைத்தால் முடிந்தது. ஏழை விவசாயி என்று இரக்கம் காட்டி என்ன பயன்?

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் யார், எங்கே, எதற்காக எரிக்கிறார் என்று பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

களிமந்தானின் பழங்குடிகளான தாயாக் மக்கள் மேட்டு நிலத்தில் சின்னத் துண்டு காட்டை வெட்டி, எரித்து, நெல் விதைத்து, இரண்டு மூன்று வருடத்தில் அதைக் காட்டுக்கே விட்டுவிட்டு நகர்வார்கள். தலைமுறை தலைமுறையாக அதைச் செய்திருக்கிறார்கள், காடும் இருந்தது. தீ வைக்கும் நாளில் சுற்றிலும் ஆள் நிற்பார்கள். இந்தோனேசியாவின் 2009 சுற்றுச்சூழல் சட்டம் எரிப்பதைத் தடை செய்தபோதுகூட, குடும்பத்துக்கு இரண்டு ஹெக்டேர் வரை இந்த மரபுக்கு இடம் விட்டது.

பீட்டில் எரிப்பதற்கு வேறு காரணம். அந்த மண் புளித்த மோர் மாதிரி அமிலம், pH மூன்று, நான்கு என்று இருக்கும். சத்தும் கிடையாது. எரித்தால் கிடைக்கும் சாம்பல் அமிலத்தைக் குறைக்கும், முதல் பயிருக்கு உரமும் ஆகும். சுண்ணாம்பும் உரமும் வாங்கக் காசு இல்லாதவனுக்கு ஒரு தீப்பெட்டி போதும். பெரிய கம்பெனிக்கோ இயந்திரம் வைத்து மரத்தை ஒதுக்கும் செலவு மிச்சம். எரிக்காமல் செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டுத் தோட்டங்களே சாட்சி. பழைய செம்பனையை எக்ஸ்கவேட்டரால் சாய்த்து, அடிமரத்தை வாழைத்தண்டு நறுக்குவது மாதிரி நறுக்கி, வரிசைக்கு நடுவில் மக்க விடுகிறார்கள். அதில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு இளங்கன்றைத் துளைக்கும், அது ஒரு தலைவலிதான். ஆனாலும் செய்கிறார்கள்.

சரி, எரித்தவனைப் பிடிக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதே தீக்குச்சி தண்ணீர் நிற்கும் சதுப்புக் காட்டில் விழுந்தால் அணைந்துவிடும். அதை எரியக் கூடியதாக ஆக்கியது கான். கானை வெட்டச் சொன்னவர் யாரென்று யாரும் கேட்பதில்லை.

களிமந்தானில் அதற்குப் பதில் எழுத்திலேயே இருக்கிறது. 1995-இல் அதிபர் சுகார்த்தோ பத்து லட்சம் ஹெக்டேர் பீட் சதுப்பை நெல் வயலாக்க ஆணையிட்டார். 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார்கள். ஜாவாவிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். நெல் விளையவில்லை. 1997-இல் எல் நினோ வறட்சி வந்தபோது, வடிந்து காய்ந்த அந்த நிலம் பல இடங்களில் பற்றிக்கொண்டது. 1999-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். கால்வாய்கள் அப்படியே கிடந்தன, வடித்துக்கொண்டே இருந்தன, 2015-இலும் அங்கே மோசமாக எரிந்தது.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஒரு முறை மத்தியக் களிமந்தானின் தலைநகர் பாலங்காராயா போய் வந்தேன். செபாங்காவ் ஆற்றில் கெலோத்தோக் என்ற மோட்டார் படகில் போனால் தண்ணீர் பாலில்லாத கோப்பி ஓ நிறத்தில் இருக்கும், அசையாத இடத்தில் கண்ணாடி மாதிரி முகம் தெரியும். காடு முடிந்து பழைய கால்வாய் ஒன்று வந்தது. இரு கரையிலும் மார்பளவு பெரணிச் செடி, நடுநடுவே கரிந்த மரக்கட்டை. எங்களை ஓட்டிப்போன படகுக்காரர் 2015-இல் தீயணைக்கப் போனவர். ஒரு இடத்தில் அணைத்துவிட்டு வந்தால் மறுநாள் பத்தடி தள்ளி தரையிலிருந்து புகை வரும் என்றார். நீளமான இரும்புக் குழாயை மண்ணுக்குள் சொருகி, ஊசி போடுவதுபோலத் தண்ணீர் ஏற்றுவார்களாம். கால் வைக்கும் இடம் பார்த்து வைக்க வேண்டும், மேலே தரை மாதிரி இருக்கும், அடியில் தணல். கடைசியில் மழை வந்துதான் அணைந்தது என்று சொல்லிவிட்டு வானத்தைக் காட்டினார்.

ஜொகூரிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை: மாணவர்களிடம் பிரச்சினையை மட்டும் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம் என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் மிக எளிமையானது. கானை அடைக்க வேண்டும். தண்ணீரை மேலே கொண்டுவர வேண்டும். 2015 தீக்குப் பிறகு, 2016 ஜனவரியில், இந்தோனேசியா பீட் நிலத்தைச் சீராக்கவென்றே தனி முகமை ஒன்றை அமைத்தது. இருபது லட்சம் ஹெக்டேர் இலக்கு. கால்வாய்க்குக் குறுக்கே மரக்கட்டை அடித்து, மணல் மூட்டை போட்டு ஆயிரக்கணக்கில் தடுப்பணை கட்டினார்கள். தோட்டங்களில் நிலத்தடித் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது என்று 2014-இலேயே அரசு விதியில் எண்ணைப் போட்டிருந்தார்கள். எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கவில்லை. சில அணைகளைப் படகு போக உடைத்துவிடுகிறார்கள், 2019 வறட்சியில் திரும்ப 16 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. ஆனாலும் வழி இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மண் நனைந்தால் மீத்தேன் வராதா என்று கெட்டிக்கார மாணவன் எவனாவது கேட்பான். வரும், ஆனால் காய்ந்து மக்கும்போதும் எரியும்போதும் போகிற கரியமில வாயுவின் பக்கத்தில் அது சின்னது.

வகுப்பில் அந்த வாளிச் சோதனையைச் செய்து காட்டுங்கள். காய்ந்த கட்டி ஒன்று, ஈரக் கட்டி ஒன்று. காய்ந்தது மிதப்பதையும் ஈரமானது மூழ்குவதையும் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

ஈப்போவிலிருந்து ஒரு வாசகர்: உங்கள் அப்பா வெட்டிய கான் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. சென்ற வருடம் தீபாவளிக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். தோட்டம் கைமாறிவிட்டது, லயம் இல்லை. வீடு நின்ற இடத்தில் தூண்கள் மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முழங்கால் உயரம் இருந்த தூண்தலை இப்போது என் நெஞ்சுக்கு வருகிறது. அவ்வளவு தரை போயிருக்கிறது.

அப்பா இறந்து இருபது வருடம் ஆகிறது. அவருக்கு இதெல்லாம் தெரியாது. நாள் கூலிக்கு, இத்தனை சங்கிலி நீளம் என்று மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், அளந்து விட்டதை வெட்டினார், அந்தக் காசில்தான் நான் படித்தேன். கான் ஓரத்தில் நின்றபோது அவர் மேல் எனக்கு வருத்தம் வரவில்லை. அந்த நேர்கோடு எவ்வளவு நேராக இருந்தது என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கானுக்குக் குறுக்கே இப்போது மணல் மூட்டை அடுக்கியிருந்தது. பக்கத்தில் மண்ணுக்குள் இறக்கிய வெள்ளைக் குழாய். வங்காளதேசத்துப் பிள்ளை ஒருவர் அதற்குள் அளவுகோலை விட்டு எடுத்து, சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எவ்வளவு என்று கேட்டேன். ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் தண்ணீர், அதிகம், இன்னும் மூட்டை போட வேண்டும் என்றார் மலாயில். என் அப்பா வெட்டிய கான் இது என்று சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஒரு மூட்டையின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை நான் பிடித்தேன்.